சொன்ன வாயால் ஒரு தடவை

அந்தப் பேனரில் கண்ணாடி போட்டுக்கிட்டு கும்பிட்டபடி நிக்கிறாரே, அவர்தான் எங்க எம்.பி. பஸ் தாண்டிப் போயிட்டாலும் பரவாயில்லை, அடுத்த ஊரிலும் நிப்பார். நல்ல மனுஷர்க்கா. அதை முதலிலேயே சொல்லிடுறேன். அப்புறம் நான் என்ன சொன்னாலும் நீங்க அவரைத் தப்பா நினைச்சுடக் கூடாது.

நான் இப்படி யார்கிட்டயும் வாயைத் திறக்கிறவ இல்லை. அஞ்சாவதோட நின்னவ. நாலு பேர் சேர்ந்து நின்னாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கும். நீங்க இவளுக்கு பிஸ்கட் கொடுத்து, "ஒம் பேரென்ன கண்ணு"ன்னு கேட்டீங்க. இவ பதில் சொல்லாம என் மூஞ்சியைப் பார்த்தா. நீங்களும் பார்த்தீங்க. புள்ளைக்குப் பேர் தெரியாதான்னு நினைச்சிருப்பீங்க. தெரியும்க்கா. எதைச் சொல்றதுன்னுதான் தெரியலை. இப்ப தூங்கிட்டா. அதனால சொல்றேன்.

திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போறோம். இவ அப்பா மஸ்கட்டிலிருந்து வர்றார். இவ பொறந்து மூணு மாசத்தில் போனவர். கம்பெனி மாறினதில் லீவு தள்ளித் தள்ளிப் போச்சு. அதுக்கப்புறம் இப்பதான் புள்ளையை நேரில் பார்க்கப் போறார்.

எங்க ஊர் நெட்டூரணி. ஊருக்கும் ரோட்டுக்கும் நடுவில் ரயில் பாதை. கேட்டு போட்டான்னா போட்டதுதான். சரக்கு வண்டி வந்து நடுவில் நின்னுக்கும். கல்யாணத்துக்குப் போறவங்க தாலி கட்டி முடிஞ்சு பந்தியில்தான் போய் உட்காருவாங்க. எங்க ஊர்க்காரனுக்குப் பொண்ணு கொடுக்கிறவன், "மாப்பிள்ளை கேட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா"ன்னு கேட்டுட்டுத்தான் ஜாதகமே வாங்குவான்.

இவளுக்கு ஒன்றரை வயசு இருக்கும்போது காய்ச்சல். காலையில் ரெண்டு இட்லி சாப்பிட்டா. மத்தியானம் உடம்பு அனலாக் கொதிச்சு, கண்ணு மேலே செருகி, கைகால் வெட்டி இழுத்தது. ஆட்டோவில் போட்டுக்கிட்டு ஓடினோம். கேட்டு போட்டிருந்தது. சரக்கு வண்டி ஒன்னு மலைப்பாம்பு மாதிரி குறுக்கே படுத்துக் கிடந்தது. என் மடியிலேயே புள்ளை விறைச்சுப் போச்சு. மூச்சு இருக்கா இல்லையான்னு தெரியலை. நான் என்ன கத்தினேன்னு எனக்கே தெரியாதுக்கா. "என் செவ்வந்தி போயிட்டாளே, என் செவ்வந்தி போயிட்டாளே"ன்னு ரோட்டில் விழுந்து அடிச்சுக்கிட்டேனாம். கலியமூர்த்தி அண்ணன் சொல்லித்தான் தெரியும். அவர் எங்க ஊர்க் கட்சிக் கிளைச் செயலாளர். கேட்டுக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்திட்டு நின்னிருக்கார். காதால் கேட்டவர் அங்கேயிருந்தே எம்.பி. ஆபீசுக்குப் போன் போட்டிருக்கார், கேட்டில் ஒரு புள்ளை போயிடுச்சுன்னு. அவர் பொய் சொல்லலை பாருங்க. கேட்டதைத்தான் சொன்னார்.

அப்புறம் கேட்டு திறந்து, ஆஸ்பத்திரிக்குப் போய், ஊசி போட்டு, இவ அழுதா. எனக்கு அந்த அழுகைதான் உசிரு. நாலு நாளில் வீட்டுக்கு வந்துட்டோம். செவ்வந்தி, அதுதான் நாங்க வெச்ச பேர். செவ்வந்திப்பூ பூத்துக் கிடந்த மாசத்தில் பொறந்தா.

ஒரு மாசம் போயிருக்கும். ஜெயக்கொடி அக்கா, எங்க பக்கத்து வீடு, போனைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தா. "ஏய், ஒம் புள்ளையப் பத்தி டெல்லியில பேசுறாங்கடி!" பார்த்தா எம்.பி. நிக்கிறார். பெரிய மண்டபம், பச்சையா விரிப்பு. நம்ம தமிழிலேயே பேசுறார். "என் தொகுதியில், நெட்டூரணி என்கிற சின்னஞ்சிறு கிராமத்தில், செவ்வந்தி என்ற குழந்தை, மூடிய ரயில்வே கேட்டின் முன்னால், தாயின் மடியிலேயே இறந்துபோனாள். இந்த நாட்டில் இன்னும் எத்தனை செவ்வந்திகள் சாக வேண்டும்?" மேசையைத் தட்டுறாங்க. அவர் எங்க ஊருக்கு மட்டும் கேட்கலைக்கா, நாட்டில் இருக்கிற கேட்டுக்கெல்லாம் சேர்த்துக் கேட்டார். எல்லா இடத்திலும் பாலமோ சுரங்கமோ கட்டணும், நோயாளி வந்தா ரயில்தான் காத்திருக்கணும்னு சட்டம் கொண்டுவரணும்னார். அவர் குரல் தழுதழுத்துப் போச்சு.

இவ அப்ப என் காலடியில் உட்கார்ந்து வெங்காயத் தோலை வாயில் வெச்சுக்கிட்டிருந்தா.

ஊரே சிரிச்சது. "செத்ததாப் பேச்சு வந்தா ஆயுசு கெட்டி"ன்னாங்க. "டெல்லியிலேயே சொல்லியாச்சா, அப்ப ஒம் மக நூறைத் தாண்டிருவா"ன்னாங்க. நானும் சிரிச்சேன். சாயங்காலம் போன் வந்தது. இவ அப்பா. பேச முடியலை, அழுறார். யாரோ அந்த வீடியோவை அவருக்கு அனுப்பியிருக்காங்க, மெழுகுவத்திப் படம் போட்டு. நாங்க மறைச்சுட்டோம்னு நினைச்சிருக்கார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடி, மண்ணு போட்டாச்சா?"ன்னார். நான் ஓடிப்போய் இவளைத் தூக்கிப் போனுக்கு நேரா காட்டினேன். "சிரிக்கச் சொல்லு, சிரிக்கச் சொல்லு"ன்னார். இவ சிரிச்சா. அப்புறம் மெதுவா சொன்னார்: "நான் தலை முழுகிட்டேன்டி."

செய்தி கேட்டதும் ரூமில் இருந்த நம்ம ஊர்ப் பையன்கள் அவரைப் பிடிச்சு உட்கார வெச்சு, தலையில் தண்ணி ஊத்தி விட்டிருக்காங்க. பெத்த அப்பன் உசிரோட இருக்கிற புள்ளைக்குத் தலை முழுகியாச்சு.

அதுக்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரலைக்கா.

எங்க மாமியார் அன்னைக்கு ராத்திரி சோறு தின்னலை. "அங்க ராஜ்ஜியமே கேக்கப் பேரைச் சொல்லிட்டாங்க. இங்க அப்பன் தலை முழுகிட்டான். இனி எமன் வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டா நாம என்னத்தைச் சொல்லித் தடுக்கிறது?"ன்னாங்க. விடிஞ்சதும் இவளை முறத்தில் படுக்க வெச்சு எருக்குழி மேட்டில் கொண்டுபோய் வெச்சாங்க. ஜெயக்கொடி அக்கா வந்து, "ஐயோ, யாரு பெத்த புள்ளையோ, குப்பையில கிடக்கே"ன்னு எடுத்துக்கிட்டுப் போனா. நான் ஒரு படி தவிடு கொடுத்து வாங்கினேன். ஜெயக்கொடி அக்காவுக்கு எப்பவும் குசும்பு. "என்னடி, தவிட்டுல உமி கலந்திருக்கே, வேற நல்ல தவிடு கொண்டாந்தாத்தான் தருவேன்"ன்னா. எங்க மாமியார் அடிக்கப் போயிட்டாங்க. அன்னையிலிருந்து இவ தவிட்டம்மா. செவ்வந்தின்னு யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு. எமன் அந்தப் பேரைத் தேடி வந்தா, அப்படி ஒரு புள்ளை இங்க இல்லைன்னு சொல்லிடலாம் பாருங்க.

இவ அப்பாவும் அதுக்கப்புறம் பேர் சொல்றதில்லை. "புள்ளை எப்படி இருக்கு, புள்ளை சாப்பிட்டுச்சா"ன்னுதான் கேட்பார். ஒரு நாள் நானே கேட்டேன், ஏங்க பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேங்கிறீங்கன்னு. "தவிட்டம்மான்னு கூப்பிட மனசு வரல. அந்தப் பேரைச் சொல்ல பயமா இருக்கு. செத்துட்டான்னு சொன்ன வாயாலயே அவரு ஒரு தடவை இருக்கான்னு சொல்லட்டும். அப்புறம் நான் கூப்பிடறேன்"ன்னார். சரிதானேக்கா? சொன்ன வாய்தானே திருப்பி எடுத்துக்கணும். வேற யார் எடுத்தாலும் எடுபடாது.

கலியமூர்த்தி அண்ணன்கிட்ட போய் நின்னேன். சொன்னேன். அவருக்கு வேர்த்துப் போச்சு. "தங்கச்சி, சுரங்கப்பாதை பேப்பரு இப்பதான் நகருது. டெல்லியில பேசினது பொய்னு எதிர்க்கட்சிக்காரன் ஆரம்பிச்சான்னு வையி, எல்லாம் போச்சு. நம்ம ஊருக்குன்னு வர்றது இது ஒன்னுதான். பாதை முடியிற வரைக்கும் ஒம் புள்ளை செத்தது செத்ததாவே இருக்கட்டும்மா"ன்னார். கொஞ்சம் பொறுத்து, "உனக்கென்ன, புள்ளை உன் கையிலதானே இருக்கு?"ன்னார். நியாயமாத்தான் பட்டது. எத்தனை பேருக்கு நல்லது. நான் சரின்னுட்டு வந்துட்டேன்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை எம்.பி.யே துக்கம் கேட்க வர்றார்னாங்க. இவளை ஜெயக்கொடி அக்கா வீட்டில் விட்டோம். முதல் பிறந்தநாளுக்குப் போட்ட பேனரிலிருந்து இவ முகத்தை மட்டும் வெட்டி எடுத்து கலியமூர்த்தி அண்ணன் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். எம்.பி. மாலை போட்டார். தரையில் உட்கார்ந்தார். நாற்காலி போட்டும் வேண்டாம்னு தரையில் உட்கார்ந்தார்க்கா. "என் பேத்தி வயசும்மா"ன்னார். "கடைசியா என்ன சாப்பிட்டா?"ன்னு கேட்டார். எனக்குப் பொய் வராது. "ரெண்டு இட்லிங்கய்யா"ன்னேன். கண்ணாடியைக் கழற்றிட்டு அழுதார். நிஜமான அழுகை. அவர் அழுறதைப் பார்த்து எனக்கும் வந்துட்டது. நான் அழுதேன், மாமியார் அழுதாங்க, கலியமூர்த்தி அண்ணன் கூட அழுதார். அப்ப பக்கத்து வீட்டிலிருந்து இவ, "அம்மா... அம்மா..."ன்னு கூப்பிடுறா. எம்.பி. தலையை நிமிர்த்தி, "யாரும்மா?"ன்னார். "பக்கத்து வீட்டுப் புள்ளைங்கய்யா"ன்னாங்க மாமியார். "உனக்கு அந்தக் குரலைக் கேட்கக் கேட்க எப்படி இருக்கும்"ன்னு சொல்லி என் தலையில் கை வெச்சார்.

அந்தக் கையின் சூடு இன்னும் இருக்குக்கா. அப்படி ஒரு மனுஷர்.

அவர் போனதும் அந்தப் படத்தைக் கழற்றப் போனேன். மாலை போட்ட படத்தை உடனே கழற்றக் கூடாதுன்னாங்க. மாலை காயட்டும்னு விட்டேன். காய்ஞ்சது. அப்புறமும் கழற்றலை. எப்படிக் கழற்றுறது? அதில் இருந்தது செவ்வந்தி. நான் இடுப்பில் வெச்சிருக்கிறது தவிட்டம்மா.

எம்.பி. டெல்லியில் பேசுறது எல்லாத்தையும் நான் கேட்பேன். ஜெயக்கொடி அக்கா வீட்டுப் போனில் போடச் சொல்லி, மாவாட்டிக்கிட்டே கேட்பேன். பயிர் இன்சூரன்ஸ், மீன்பிடிக்கப் போறவங்களைப் பிடிச்சு வைக்கிறது, நூறு நாள் வேலைக்குக் கூலி, அங்கன்வாடி டீச்சர் சம்பளம், எது கேட்டாலும் சொல்லுவேன். "நீ பேசாம எலெக்சன்ல நில்லுடி"ன்னு ஜெயக்கொடி அக்கா கிண்டல் பண்ணுவா. எனக்கு அதெல்லாம் எதுக்கு? எந்த இடத்திலாவது, எந்தப் பேச்சு நடுவிலாவது, "அந்தக் குழந்தை பிழைச்சுக்கிட்டது"ன்னு ஒரு வார்த்தை விழுந்துடாதான்னு காதைத் தீட்டிக்கிட்டிருப்பேன். விழலை. மறுபடியும் அவர் பேரைச் சொன்னார், கிராமத்து ஆஸ்பத்திரிகளைப் பத்திப் பேசும்போது. அந்தத் தடவை, செவ்வந்தி கடைசியா "அம்மா, தண்ணி"ன்னு கேட்டாள்னு சொன்னார்.

இவ அன்னைக்குத் தண்ணி கேட்கலை. இவளுக்கு அப்ப தண்ணின்னு சொல்லவே வராது. "ங்கா"ம்பா. அப்ப கேட்டது யார்? நான் மாவைப் போட்டுட்டு எழுந்து போய் ஒரு டம்ளரில் தண்ணி மொண்டு அந்தப் படத்துக்கு முன்னால் வெச்சேன். பாவம், கேட்டிருக்கு. கொடுக்க ஆள் இல்லை. டெல்லியில் செத்த புள்ளைக்கு இங்க யார் தண்ணி வைப்பா? அன்னையிலிருந்து தினமும் வெச்சேன். வெயில் காலத்தில் சீக்கிரம் குறைஞ்சுடும். வெயிலுக்குத் தண்ணி வத்தத்தான் செய்யும்ங்கிறது எனக்கும் தெரியும்க்கா.

சுரங்கப்பாதை முடிஞ்சது. அழகா இருக்கு. மழை பெய்ஞ்சா மட்டும் இடுப்பளவு தண்ணி நிக்கும். போன ஐப்பசியில், திறப்பு விழாவுக்கு முன்னாலேயே, பிரசவ வலி எடுத்த ஒரு பொண்ணைக் கட்டிலில் தூக்கித்தான் கடத்தினாங்க. அது மோட்டார் ரிப்பேராம். சரி பண்ணிடுவாங்க. அதை விடுங்க.

திறப்பு விழாவுக்கு எம்.பி. வர்றார். இவ அப்பாவும் டிக்கெட் போட்டாச்சு. இனி என்ன? பாதை முடியிற வரைக்கும்னுதானே கலியமூர்த்தி அண்ணன் சொன்னார்? ஆனா அவர்கிட்ட எப்படிப் போறது, எப்படிப் பேசுறது? விழாவில் குழந்தைகளுக்குப் பேர் வைப்பாங்கன்னு மைக்கில் சொல்லிக்கிட்டு ஆட்டோ போச்சு. அதுதான் வழின்னு புடிச்சுக்கிட்டேன். கிட்டப் போய், காதோடு, "ஐயா, இதுதான் செவ்வந்தி. உசிரோட இருக்கு. ஒரே ஒரு தடவை உங்க வாயால சொல்லுங்க"ன்னு கேட்கணும். ஒரு வாரம் எங்க வீட்டுப் பசுமாட்டுக்கிட்டச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். அது காதைக் காதை ஆட்டும்.

வரிசையில் எல்லாரும் கைக்குழந்தை வெச்சிருக்காங்க. நான் நாலு வயசுப் புள்ளையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறேன். "என்னடி, இத்தனை வருசமாப் பேரில்லாம சும்மாவா வெச்சிருந்த?"ன்னு ஒருத்தி கேட்டா. கலியமூர்த்தி அண்ணன் மேடையிலிருந்து என்னைப் பார்த்துட்டார். ஓடி வந்தார். "தங்கச்சி, நீ எங்க இங்க?" "பேர் வைக்கணும்ண்ணே." "வேணாம்மா, வீட்டுக்குப் போ, நான் அப்புறம்..."ங்கிறதுக்குள்ள மைக்கில் அடுத்ததுன்னு கூப்பிட்டுட்டாங்க. நான் ஏறிட்டேன்.

எம்.பி. என்னைப் பார்த்தார். அடையாளம் கண்டுக்கிட்டார்க்கா! அத்தனை ஆயிரம் பேரைப் பார்க்கிறவர். "அம்மா, நீ செவ்வந்தியோட அம்மாதானே?"ன்னார். ஆமாங்கய்யான்னேன். இவளைப் பார்த்தார். அவர் முகம் பூத்துப் போச்சு. "அடுத்தது பொண்ணா? அதே ஜாடை!"ன்னார். வயசுக் கணக்கெல்லாம் அவர் பார்க்கலை. இப்பச் சொல்லணும். ஐயா, இதுதான் அதுன்னு சொல்லணும். கீழே அத்தனை தலை. கலியமூர்த்தி அண்ணன் பின்னால் நின்னு கையைக் கூப்புறார். நாக்கு ஒட்டிக்கிட்டது. "ஆமாங்கய்யா"ன்னேன்.

"உன் பேரென்ன கண்ணு?"ன்னு இவளைக் கேட்டார். இவ கணீர்னு "தவிட்டம்மா"ன்னா. கூட்டம் சிரிச்சது. அவரும் சிரிச்சுட்டு மைக்கைப் பிடிச்சார். "இந்தத் தாய் இழந்ததை யாராலும் ஈடு செய்ய முடியாது. ஆனால் போன செல்வமே திரும்பி வந்ததுபோல் இந்தக் குழந்தை வந்திருக்கிறாள். எந்தக் குழந்தை உயிரைக் கொடுத்து இந்தப் பாதையைக் கொண்டுவந்தாளோ, அவள் பெயரையே இவளுக்கு வைக்கிறேன். செவ்வந்தி! செவ்வந்தி! செவ்வந்தி!" இவ காதிலும் சொன்னார், மைக்கிலும் சொன்னார். கைத்தட்டு அடங்கவே இல்லை. ஒரு வெள்ளிக் கொலுசுப் பெட்டியை இவ கையில் வெச்சார். இப்ப போட்டிருக்காளே, இதுதான்.

கேட்டது கிடைச்சதா இல்லையா சொல்லுங்க. அவர் வாயால்தானே சொன்னார். நான் சந்தோஷமாத்தான் இறங்கினேன். கலியமூர்த்தி அண்ணன், "எல்லாம் சரியாப் போச்சு தங்கச்சி, ரெண்டு பக்கமும் சரியாப் போச்சு"ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டார். மாமியார் கொடுத்த உத்தரவை எடுத்துட்டாங்க. இவ அப்பாவுக்குப் போன் போட்டேன். "என்ன சொன்னாரு? இருக்கான்னு சொன்னாரா?"ன்னார். பேர் சொன்னார்னேன். மூணு தடவை சொன்னார்னேன். "இருக்கான்னு சொன்னாரா?"ன்னு மறுபடி கேட்டார். நான் லைன் சரியில்லைன்னு வெச்சுட்டேன்.

விழா முடிஞ்சு சுரங்கப்பாதை வழியா வீட்டுக்கு நடந்து வர்றோம். விழாவுக்கு அடிச்ச புதுச் சுண்ணாம்பு வாடை. ஆள் நடமாட்டம் இல்லை. இவ கொலுசைப் போட்டுக்கிட்டுக் குதிச்சுக் குதிச்சு வர்றா. திடீர்னு என்னைக் கேட்டா: "அம்மா, அந்த அக்கா செத்தப்ப நீ அழுதியா?"

"எந்த அக்காடி?"

"எம் பேரு வெச்சிருந்த அக்கா. படத்துல இருக்கே. தண்ணி குடிக்குமே."

அழுதேன்னேன். நிஜம்தானே, அன்னைக்கு அவரோட சேர்ந்து அழுதேனே. "அப்ப சரி"ன்னுட்டு இவ முன்னால் ஓடிட்டா. உள்ளே இருட்டு. அந்தக் கடைசியில் வெளிச்சம் வட்டமாத் தெரியுது, புள்ளை தெரியலை. கொலுசுச் சத்தம் சுவரெல்லாம் ஓடுது, எங்க இருக்கான்னு தெரியலை. பயந்துட்டேன். வாயில் தவிட்டம்மான்னுதான் வந்திருக்கணும், அத்தனை நாள் பழகின பேர். என்னையறியாம, என் தொண்டையில் இருந்த அத்தனை பலத்தோடயும், "செவ்வந்தீ..."ன்னு கத்தினேன். அன்னைக்குக் கேட்டில் கத்தினதுக்கப்புறம் நான் அப்படிக் கத்தினதே இல்லை.

"என்னம்மா"ன்னு வெளிச்சத்துப் பக்கமிருந்து ஒன்னு சொன்னது.

"என்னம்மா"ன்னு எனக்குப் பின்னால், இருட்டுப் பக்கமிருந்து ஒன்னு சொன்னது.

சுரங்கத்தில் குரல் திரும்பி வரும்னு எல்லாரும் சொல்றாங்க. வரும்தான். நான் இல்லைங்கலை. முன்னால் போனது கொலுசு குலுங்க ஓடி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "வாம்மா, போலாம்"ன்னு இழுத்தது. பின்னால் கேட்டதுக்கு நடை இன்னும் சரியா வந்திருக்காதேக்கா, ஒன்றரை வயசுதானே. அதான் கொஞ்ச நேரம் நின்னேன்.